ஜூராகான் சொல்லாத பெயர்

ஜூராகான் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் கொழுந்தன் வாயிலிருந்துதான். குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "அண்ணி, அத்-பாஷி ஊர்ல ஜூராகான்னு ஒருத்தி. பொண்ணு கேட்டா வருவா போலிருக்கு" என்றான். வந்தாள். ஒன்பது வருடம் வாழ்ந்தார்கள். பிறகு மலை மேய்ச்சலில் பனிச்சரிவு அவனைக் கொண்டுபோய்விட்டது. ஐந்து வயது மகள் சினாரோடு அவள் நின்றாள்.

அவளுக்கு மாஸ்கோவில் தையல் வேலை கிடைத்தது. குழந்தை எங்களிடம் இருக்கட்டும், சம்பளம் இங்கே நரின் நகரத்து வங்கியில் அவள் கணக்கில் விழட்டும், என் வீட்டுக்காரர் எடுத்துச் செலவழிக்கட்டும் என்று முடிவானது. அதற்குப் பவர் பத்திரம் வேண்டும். "பிள்ளைச் செலவுக்கு மட்டும் எடுக்கலாம்னு எழுதுங்க. கணக்கை மூடுற அதிகாரமெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று அவரே சொன்னார்.

நோட்டரி தலைநகரத்துப் பெண். "யாருக்குக் குடுக்கிறீங்க? உங்க வாயால சொல்லுங்க."

ஜூராகான் என் வீட்டுக்காரரின் பாஸ்போர்ட்டை மேசைமேல் நகர்த்தினாள். "இவருக்கு."

"பேரு?"

"பெரிய வீட்டு அண்ணன்."

"அப்படி எழுதினா வங்கியில சிரிப்பாங்கம்மா. பேரைச் சொன்னா பல்லு கொட்டிருமா? நாளைக்கு மிரட்டி வாங்கினாங்கன்னு வழக்கு வந்தா என் வேலை போயிடும்."

புருஷனுடைய அண்ணன், மூத்தார் பெயரை எங்கள் பக்கத்தில் எந்த மருமகள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்? "சொல்லும்மா, தப்பில்ல" என்றார் இவர். நான் அவள் விலாவில் இடித்தேன். "சொல்லித் தொலைடி, வெளிய எட்டுப் பேர் நிக்கிறாங்க."

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அழுதுகொண்டே, "தலாஸ்ல இருக்கிற என் தங்கச்சி ஷாய்ரா பேருக்கு எழுதிடுங்க" என்றாள்.

'மூத்தாரை நம்பாம தங்கச்சிக்கு எழுதிட்டாளாம்' என்று சாயங்காலத்துக்குள் ஊர் பேசியது. இவர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "அதிகாரம் தங்கச்சிக்கு, பிள்ளை மட்டும் எனக்கா? அங்கயே கொண்டுபோய் விடு" என்றார்.

"மரியாதைக்குத்தானே நான்..." என்று அவள் தொடங்கும்போதே எழுந்து போய்விட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

சினார் தலாஸுக்குப் போனாள். ஷாய்ராவுக்குப் பிள்ளையில்லை.

ஏழு வருடம் கழித்து ஜூராகான் ஊருக்கு வந்தபோது தலாஸுக்கு நானும் கூடப் போனேன். பெண் வளர்ந்திருந்தாள். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் ஜூராகானிடம் கிண்ணத்தை நீட்டி, "குடிங்க பெரியம்மா, டீ ஆறிடும்" என்றாள். பிறகு, "அம்மா, ஜாம் எங்க வச்ச?" என்று கேட்டாள். அக்காவும் தங்கையும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"அப்படிக் கூப்பிடாதேன்னு எத்தனையோ தடவை சொன்னேன்க்கா..." என்றாள் ஷாய்ரா.

"விடுடி. ஜாம் எடுத்துக் குடு."

ஜூராகான் மகளைக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தாள். கேட்கவே இல்லை. பத்திரத்தை மட்டும் தங்கை பெயருக்கே மறுபடி புதுப்பித்துக் கொடுத்தாள்.

ஜூராகான் இப்போது மாஸ்கோவில், அதே தையல் கூடத்தில் இருக்கிறாள்.