கை வைத்துப் பார்த்து வாங்கிய ரிசீவர்

வீட்டில் ஹோம் தியேட்டர் வைக்க ஆசைப்பட்டு, வில்பட்டியிலிருந்து நானும் கணவரும் திண்டுக்கல் போய், ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் கொடுக்கும் ரிசீவர் பெட்டியை நடுத்தர விலையில் பார்த்தோம். கடையில் ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொன்றின் மேலும் இவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மனுஷனுக்கு எவ்வளவு விவரம் என்று பூரித்துப்போனேன். கடைசியில், "இதையே பேக் பண்ணுங்க" என்றார்.

மழைக்காலம் வந்ததும் படத்தின் பாதியில் ரிசீவர் தானாக அணைய ஆரம்பித்தது. ஒருநாள் கருகல் வாடையோடு செத்த எலி நாற்றம். பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தூசிக்காகப் போட்டிருந்த துணியைத் தூக்கினேன். காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு, பூண்டுக் காட்டுக்கு இவர் போட்டுப்போகும் ஈர சாக்ஸ்! ஒன்று உருகி ஒட்டியே போயிருந்தது.

"வெயிலே காணோம். இதுதான் நல்லா கதகதப்பா கெடக்குன்னு பாத்துத்தானே எடுத்தேன்" என்றார், கூசாமல்.

அடுத்ததை வாங்க நான் மட்டும் போனேன். "என்ன வசதி வேணும்க்கா?" என்றார் கடைக்காரர்.

"ரொம்பச் சூடாகாததா குடுங்க" என்றேன்.

இப்போது அதன்மேல் துணிகூடப் போடுவதில்லை. படம் போடுவதற்கு முன், ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொடுகிறேன்.