கழற்றி எறியாத சட்டை

1. மெஜஸ்டிக் போன சட்டை

என் தையல் வாழ்க்கையில் நான் மிக அருமையாகத் தைத்த சட்டை, பஸ் கூரையில் ஏறி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. டிக்கெட்கூட எடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கட்டடத்தின் முதல் மாடியில் என் கடை. நான் கட்டிங் மாஸ்டர். மிஷினில் உட்காருபவர் ரஹீம் பாய். பக்கத்துப் பள்ளி ஒன்றின் யூனிஃபார்ம் முழுக்க எங்களிடம்தான். அந்தப் பள்ளியில் மகனைச் சேர்க்க முயன்றுகொண்டிருந்த கலாவதி மேடம் ஒரு பிப்ரவரி மாதம் படியேறி வந்தார். அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கையில் ஆறு வயது அரவிந்த். பையனுக்கு ஆட்டிசம் என்றார். அந்த வார்த்தையை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

"நாலு ஸ்கூல்ல முடியாதுன்னுட்டாங்க மாஸ்டர். இங்க மட்டும்தான், யூனிஃபார்ம் போட்டுட்டு கிளாஸ்ல உக்காந்தா ஜூன்ல சேத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. இவனுக்குச் சட்டைன்னாலே ஆகாது. ஸ்வல்ப பாத்துத் தைச்சுக் குடுங்க."

பார்த்துத் தை என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கேன்வாஸை இரண்டு மடிப்பாக வைத்தேன். கஞ்சி போட்டு இஸ்திரி போட்டேன். கழுத்துக்குப் பின்னால் எங்கள் கடை லேபிளை நான்கு பக்கமும் அடித்தேன். கலெக்டரே போடலாம், அப்படி ஒரு சட்டை.

அரவிந்துக்கு மாட்டிவிட்டோம். ரஹீம் பாய் "மாஷா அல்லா" என்று சொல்லி முடிப்பதற்குள் பட்டன்கள் தெறித்தன. சட்டை ஜன்னல் வழியாகப் பறந்தது. கீழே ஒரு பஸ் அப்போதுதான் நகர்ந்துகொண்டிருந்தது.

"அரே மாஸ்டர், நம்ம சட்டை போவுது!" என்றார் ரஹீம் பாய். அரவிந்த் பஸ்ஸுக்கு டாட்டா காட்டினான்.

2. பனியன் மாஸ்டர்

எனக்குக் கோபம். "முதுகுல ரெண்டு வச்சா எல்லாம் சரியாயிடும் மேடம்" என்று சொல்லிவிட்டேன். இதை எழுதவே இன்று கூச்சமாக இருக்கிறது.

கலாவதி மேடத்தின் முகம் சிவந்தது. "பிடிவாதம்னு நெனச்சீங்களா? நமக்கு லேசா படறது அவனுக்கு முள்ளு குத்தற மாதிரி. சொல்லத் தெரியல, பிச்சு எறியறான். நீங்க வருஷக்கணக்கா காலர் தைக்கறீங்களே, ஒரு நாளாவது அதைப் போட்டுட்டு வேலை செஞ்சிருக்கீங்களா?"

நான் குனிந்து பார்த்தேன். பனியன். கடையில் என்றைக்கும் பனியன்தான். ரஹீம் பாய் சிரிப்பை அடக்க மிஷினை ஓட்டினார். அதில் துணியே இல்லை.

ரோஷத்தில் எனக்கும் அதே மாதிரி ஒரு சட்டை தைத்து, மறுநாள் போட்டுக்கொண்டு வந்தேன். பத்து மணிக்குக் கழுத்து அரித்தது. பதினொன்றரைக்கு லேபிள் கடித்தது. பன்னிரண்டு மணிக்கு, ஒரு வாடிக்கையாளருக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தபோது, பொறுக்க முடியாமல் பிய்த்துக் கழற்றினேன். ரஹீம் பாய் ஓடிப்போய் முதலில் ஜன்னலைச் சாத்தினார்.

"பஸ் வருது மாஸ்டர்!"

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாத அந்த வாடிக்கையாளரும் சேர்த்துத்தான்.

3. ஆறாவது சட்டை

நான் மன்னிப்புக் கேட்டதும் மேடம் ஒரு பை நிறைய அரவிந்தின் பழைய துணிகளைக் கொண்டுவந்து கொட்டினார். எல்லாம் உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டவை. தையல் விளிம்பு உடம்பில் படாமலிருக்க, அவனே கண்டுபிடித்த வழி. எங்களைவிட நல்ல மாஸ்டர்.

காலரிலிருந்து கேன்வாஸை எடுத்துவிட்டோம். லேபிள், பாக்கெட்டின் வெளியே போனது. விளிம்புகளை உள்ளே மடித்து அடித்தோம். துணியை நாலு தடவை அலசினோம். இரண்டாவது சட்டை, மூன்றாவது, நான்காவது, எல்லாம் பறந்தன. ஐந்தாவது அரை மணி நேரம் தங்கியது.

ஆறாவதைப் போட்ட அரவிந்த் காலரை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு கட்டிங் டேபிளுக்கு அடியில் கழிவுத் துணிக் குவியலில் போய் உட்கார்ந்து பாட ஆரம்பித்தான். சட்டை உடம்பிலேயே இருந்தது. ஒரு மணி நேரம்! கலாவதி மேடம் சந்தோஷத்தில் ஹேண்ட்பேக்கை விட்டுவிட்டுப் படியிறங்கினார். அதை எடுக்க வந்து குடையை விட்டுப் போனார்.

4. ஒரே மாதிரி

சட்டையைப் பள்ளிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டவர் இல்லை, ஆனால் கண்டிப்பு.

"நோடி மாஸ்டர், இங்க பாருங்க, காலர் நிக்கல. லேபிள் வெளிய இருக்கு. ஒருத்தனுக்கு மட்டும் வேற மாதிரி விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. ஸ்கூல்னா எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்."

சட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். வராந்தாவில் கலாவதி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று நின்றார்.

"மாஸ்டர், மொத்த யூனிஃபார்மும் உங்ககிட்டதானே?"

"ஆமா மேடம்."

"அப்ப எல்லாருக்கும் இதையே தைங்க!"

திரும்ப உள்ளே ஓடினோம். "நீங்க சொன்னதுதான் சரி மேடம், எல்லாரும் ஒரே மாதிரி" என்றார் கலாவதி. ஹெட்மிஸ்ட்ரஸ் மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இருமினார். ஐந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. ஒரு வாரம் கழித்துச் சட்டைகளைத் திரும்பக் கேட்டால் ஐந்து பேரும் தர மாட்டேன் என்றார்கள். ஒருத்தி அதிலேயே தூங்குகிறாளாம்.

"எல்லாருக்கும் தைச்சிடுங்க மாஸ்டர்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். "கழுத்து அரிக்குதுன்னு அதுங்க எவ்வளவு நாளா சொல்லிட்டு இருந்துச்சுங்க, யாரும் கேக்கல."

5. ஜூன்

பள்ளி திறந்த அன்று நாங்கள் கடையைத் தாமதமாகத் திறந்தோம். பிரேயர் நேரம். கேட்டுக்கு வெளியே நான், ரஹீம் பாய், கலாவதி மேடம். மைதானம் முழுக்க நீலச் சட்டைகள், எல்லாம் எங்கள் கை.

மேடம் எம்பி எம்பிப் பார்த்தார். "எங்க மாஸ்டர்? எம் பையனைக் காணோமே!" சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர். "எந்தக் கூட்டத்துலயும் மொதல்ல அவன்தான் தெரிவான். இன்னிக்குத்தான் தேடறேன்!"

அப்போது வரிசையின் நடுவிலிருந்து ஒரு கறுப்பு ஷூ உயரப் பறந்து கேட் கம்பியில் மோதி விழுந்தது.

"அதோ!" என்று மூவரும் ஒன்றாகக் கத்தினோம்.

ரஹீம் பாய் கைதட்டினார். நான் கம்பிக்கிடையில் கையை நீட்டி அந்த ஷூவை எடுத்தேன். பழைய ஆளாக இருந்தால் திட்டியிருப்பேன். உள்ளே விரலை விட்டுத் தடவினேன். குதிகால் பக்கம் ஒரு தையல் முடிச்சு துருத்திக்கொண்டிருந்தது.