நூற்று நாற்பது படிக்கு மேலே

நெதெல்கா வருகிறாள் என்றால் பேருந்து நிற்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ஓட்டுநரைத் திட்டும் குரல் முதலில் இறங்கும், ஆள் பிறகுதான். முப்பது வருடம் தலைநகர் சோஃபியாவில் டிராம் வண்டியில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டிக்கெட் எடுக்காமல் தன்னிடம் தப்பியவன் ஒருவன்கூட இல்லை என்று பெருமையடித்துக்கொள்வாள். எழுபத்தொரு வயதிலும் அந்தப் பார்வை போகவில்லை.

இந்த மார்ச்சில் குரல் வந்தது, ஆள் வர நேரமாயிற்று. இடுப்பெலும்பு உடைந்து தகடு வைத்திருந்தார்கள். இரண்டு கையிலும் ஊன்றுகோல். கோட்டுக்குள், நெஞ்சோடு ஒட்டி, அவள் தங்கை வேலிக்காவின் அஞ்சலித் தாள்.

எங்கள் தர்னோவோ ஊரில் செத்தவர்கள் லேசில் போய்விடுவதில்லை. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், அப்புறம் வருடா வருடம் என்று படம் போட்ட தாளை அவரவர் வீட்டுக் கதவில் ஒட்டுவோம். மழை கரைக்கும்வரை முகம் அங்கேயே இருக்கும். வேலிக்கா தனியாக இருந்த வீடு நூற்று நாற்பது படிக்கு மேலே. கார் போகாது. என் பெட்டிக்கடை அதே படிகளின் அடியில். ஒன்பது வருடமாக நெதெல்கா தானே ஏறி, தானே ஒட்டிவிட்டு இறங்குவாள். தாளை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

"இந்த இடுப்ப வச்சுக்கிட்டு எங்கக்கா ஏறப் போறீங்க? என் கடைச் சுவத்துல ஒட்டிருவோமே."

"அவ செத்தது உன் கடையிலயாடி? தள்ளு."

ஏறினாள். நான் பின்னால், விழுந்தால் பிடிக்க. இரண்டு பக்கமும் கதவுகளிலும் கம்பங்களிலும் தாள்கள். எல்லாம் அவள் அறிந்த முகங்கள். மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் எதிரே யாராவது ஒருவர் தாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயும் போயிட்டியா கோலியோ? வாயப் பாக்காத, போ."

இருபத்து மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டாள். நெதெல்கா அழுது அன்றுதான் பார்த்தேன்.

"முடியல கின்கா. இன்னியோட பத்து வருஷம். கதவு வெறுமையா இருந்தா, அக்கா மறந்துட்டான்னு நெனச்சுக்குவா."

செத்தவள் எப்படி நினைப்பாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அந்த பயம் உண்டு.

பத்து வருடம் முன்பு, இதே நாள், தங்கையைப் பார்க்க வந்த நெதெல்கா என் கடையில் நின்றாள். மேலேயிருந்து வேலிக்கா போன் செய்தாள். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, சீக்கிரம் வா. அப்போது நெதெல்காவுக்குக் கால் நன்றாக இருந்தது, கிளம்பியும் விட்டாள். நான்தான் நிறுத்தினேன்.

"உங்களப் பாத்தாத்தான் அவளுக்கு நெஞ்சு வலி வரும். எல்லாம் நடிப்புதான்க்கா. உக்காந்து காப்பி குடிங்க."

"ஆமா, மகாராணி கூப்ட்டா நான் ஓடணுமாக்கும்" என்றாள் அவளும். விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு மணி நேரம் கழித்து அவள் ஏறிப்போனபோது, வேலிக்கா திறந்த ஜன்னலடியில் கிடந்தாள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை வாய் திறந்ததில்லை.

நெதெல்கா கோட்டுக்குள் கைவிட்டுத் தாளை எடுத்தாள்.

"நீ போய் ஒட்டிட்டு வா."

"நானா?"

"நீதான்."

சாவுக்குப் பிறகு நான் அந்த வீடு வரை ஏறியதே இல்லை. கேட்டால் கடையை யார் பார்ப்பது என்பேன். அன்று மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறினேன். பூட்டிய கதவில், மழை கரைத்தது போக, ஒன்பது வருடத்து வேலிக்காக்கள், ஒருத்தி மேல் ஒருத்தியாக, வெயிலில் வெளுத்துப்போய். ஜன்னல் பக்கம் பார்க்காமல் தாளை ஒட்டினேன். விட்டால் போதும் என்று திரும்பினேன்.

"கின்கா."

காதுக்குள் பேசியது போல இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. வேலிக்கா என்றே நினைத்தேன்.

"நான் பேசறது கேக்குதா?"

நெதெல்காவின் குரல். எட்டிப் பார்த்தேன். அதே படியில், தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல்தான் பேசினாள்.

"கேக்குதுக்கா."

"அன்னிக்கு நாம பேசினதும் அவளுக்கு இப்படித்தான் கேட்டிருக்கும். சிரிச்சதும். நாப்பதாம் நாள் அங்க நின்னு தாள் ஒட்டறேன், கீழ நீ யார்கிட்டயோ சில்லறை இல்லன்னு சொல்றே, ஒரு சொல்லு விடாம காதுல விழுது. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு."

அவள் மூச்சு வாங்குவதுகூட மேலே கேட்டது.

"ஒருத்தியாவே செமந்து பாத்துட்டேன், முடியலடி. இப்ப உனக்கும் தெரியும். எறங்கி வா."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். கீழே இருப்பவளிடமா, கதவில் இருப்பவளிடமா என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.