திங்கட்கிழமைக் களி

மத்தியானம் வரைக்கும் அரிசிச் சோறு தாங்கும். அதற்குமேல் தாங்காது. கை நடுங்கும். தலையில் ஜல்லிச் சட்டியோடு நடக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். அப்படியே நின்றுவிடுவேன். பின்னால் வருகிறவர்கள் வழி இல்லாமல் கத்துவார்கள்.

எங்கள் மலைக்கு ரோடு போட்ட சமயம் அது. எழுபதுகளின் கடைசி. நானும் என் ஓரகத்தியும் அந்த வேலைக்குப் போனோம். அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்சாதி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே வீடு, ஒரே அடுப்பு.

அதற்கு முன்னால் ரெண்டு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சாமை பதராகப் போனது. உழவு மாட்டில் ஒன்று செத்தது. ஒற்றை மாட்டை வைத்து ஏர் ஓட்ட முடியாது. காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டு ஊருக்குள் வந்து வந்து போனார். முன்பணம் கொடுப்பார். வாங்கிவிட்டால் வீட்டைச் சாத்திவிட்டு எல்லாரும் லாரி ஏற வேண்டும். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. வந்து பழைய நிலத்தை உழுதவர்கள் அதைவிடக் குறைவு.

வீட்டில் பேசினோம். ஆம்பிளைகள் நிலத்தையும் ஆடு மாட்டையும் பார்ப்பது. நாங்கள் ரெண்டு பேரும் ரோட்டுக்குப் போவது. அடுத்த மழைக்குள் ஒரு மாடு வாங்கிவிட்டால் தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. அவ்வளவுதான் கணக்கு.

ரோட்டில் ஜோடி ஜோடியாகத்தான் வேலை. மேஸ்திரி காலையில் முளைக்குச்சி அடித்து ஒரு ஜோடிக்கு ஒரு துண்டு காட்டுவார். ஒருத்தி ஜல்லியை அள்ளித் தூக்கிவிட வேண்டும். இன்னொருத்தி சுமந்துபோய்க் கொட்ட வேண்டும். மாற்றி மாற்றிச் செய்யலாம். பொழுது சாய்வதற்குள் அந்தத் துண்டு முழுக்க ஜல்லி பரவியிருக்க வேண்டும். முடிக்காத ஜோடியை நிறுத்திவிடுவார். ஒருத்தி சோர்ந்தால் ரெண்டு பேருக்கும் வேலை போச்சு.

ஆரம்பத்தில் நாங்கள் கேழ்வரகுக் களிதான் கொண்டுபோனோம். அடிவாரத்து ஊர்களிலிருந்து வந்த பெண்கள் தூக்குப்போசியில் அரிசிச் சோறு கொண்டுவருவார்கள். நாங்கள் மூடியைத் திறந்தால் எட்டிப் பார்ப்பார்கள்.

"இன்னாமே, தார் டின்னுல இருந்து ஒரு உருண்டை எடுத்தாந்துட்டியா?"

"ரோட்டுக்குப் பத்தாம போய்டப் போவுது, பாத்துத் துன்னு!"

எல்லாரும் சிரிப்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டும். ஆனால் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நாளையிலேர்ந்து நாமளும் நெல்லுச்சோறு ஆக்கிக்கலாம்மே" என்றாள் திரும்பி வரும்போது.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. எங்கள் மலையில் நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் ஆக்குவது. தினமும் தின்றால் தெம்பு தானாக வரும் என்று நினைத்தோம். இன்னொரு காரணமும் உண்டு. களிக்கு மாவு வேண்டும். மாவு மெஷின் மலைக்குக் கீழே சந்தவாசலில்தான். வீட்டில் ஏந்திரக்கல்லில் உட்கார்ந்து சுற்றினால்தான் மாவு. இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புகிறவர்கள் எப்போது சுற்றுவது? அரிசி என்றால் களைந்து போட்டால் ஆயிற்று. சந்தவாசலுக்குப் போகிறவர்களிடம் சொல்லி அரிசி வாங்கினோம். சோற்றில் புளியைக் கரைத்து ஊற்றி உப்புப் போட்டுக் கொண்டுபோனோம். குழம்பு காய்ச்ச நேரமும் இல்லை, காசும் இல்லை. வந்த கூலி அரிசிக்கே போனது. வீட்டுக் குதிரில் கேழ்வரகு சும்மா கிடந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மத்தியானத்துக்குமேல் உடம்பு கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் எங்கள் துண்டில் கால்வாசி வெறுமையாகக் கிடந்தது. மேஸ்திரி வந்து பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. கையில் இருந்த குச்சியால் அந்த இடத்தைத் தட்டினார்.

"போன வாரமும் இப்பிடித்தான் விட்டீங்க. எனக்கு மேல ஒருத்தரு கேக்கறாரும்மா. இந்த வாரம் பாப்பேன். முடியலன்னா வேற ஜோடி போட்டுக்கிறேன்."

"சரிங்க" என்றாள் அக்கா.

வீட்டுக்குத் திரும்பினோம். ஊர் தெரிகிற திருப்பத்தில் அக்கா நின்றாள்.

"ஏம்மே, திங்கக்கெழமை மட்டும் நம்ம துண்டு முடிஞ்சுபோவுது. பாத்தியா?"

யோசித்தேன். ஆமாம். திங்கட்கிழமை பொழுது இருக்கும்போதே முடித்துவிட்டு மற்றவர்களுக்குக் கைகொடுத்திருக்கிறோம்.

"ஞாயித்துக்கெழமை வூட்ல படுத்துக் கெடந்தோம் இல்லக்கா, அதனால."

"எங்கடி படுத்த? வெறகு வெட்னது யாரு? நாலு பேரு அழுக்கும் தொவச்சது யாரு? ஞாயித்துக்கெழமை ஏந்திரம் சுத்தி களி கிண்றோம். மிச்சத்தத் தண்ணி ஊத்தி வச்சி திங்கக்கெழமை கரைச்சிக் குடிச்சிட்டுப் போறோம். அதான்."

அதுதான். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. யாரும் பார்க்கிறதில்லை என்று வீட்டில் களி தின்றோம். பார்க்கிற இடத்தில் சோறு தின்று சுருண்டு விழுந்தோம்.

தெரிந்து என்ன பண்ணுவது? மாவு யார் அரைப்பது? அன்றைக்குச் சாப்பிடும்போது அக்கா ஆம்பிளைகளிடம் கேட்டுவிட்டாள்.

"நீங்க பொழுதோட வூட்டுக்கு வந்துடறீங்க. ஏந்திரத்தச் சுத்துங்க. மாவு இருந்தா நாங்க களி கிண்டிக்கிறோம்."

அண்ணன் தம்பி ரெண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஆம்பிளை ஏந்திரக்கல்லில் கை வைக்க மாட்டான். மாடு பூட்டுவான், மரம் ஏறுவான், தேன் எடுப்பான். அரைப்பதும் குத்துவதும் எங்கள் வேலை.

"ஆம்பள ஏந்திரம் சுத்துனா ஊரு சிரிக்குமே" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

"தோட்டத்துக்குப் போனா அங்க ஊரே இருக்காது. யாரு சிரிக்கப் போறா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரர் எப்போதுமே பேச மாட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தோம். கதவு சாத்தியிருந்தது. பொழுதோடு யாரும் கதவைச் சாத்துவதில்லை. உள்ளே கரகரவென்று கல் சத்தம். திறந்தால் ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பிடியைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறார்கள். மீசை, புருவம், மார் மயிர் எல்லாம் மாவு. வேர்த்து ஊற்றுகிறது. பாதி மாவு தரையில். ஒரே நேரத்தில் கை நிறைய கேழ்வரகைப் போட்டிருக்கிறார்கள். மாவு நொய்யாக விழுந்திருந்தது.

"கொஞ்சங் கொஞ்சமாப் போடணும்" என்றேன்.

"மொதல்லயே சொல்றதுக்கின்னா?" என்றார் என் வீட்டுக்காரர். அந்த வாரம் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அன்றைக்குக் களி கட்டி கட்டியாக வந்தது. அதையே வழித்துத் தின்றோம்.

சாத்திய கதவு எத்தனை நாளைக்கு? பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு மச்சான் முறை. மூணாம் நாளே கதவு ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டார்.

"இன்னா மச்சான், வளையல் எங்க? சந்தைக்குப் போறேன், வாங்கியாரவா?"

உள்ளேயிருந்து அக்கா வீட்டுக்காரர் கத்தினார். "வாங்கியா. அப்பிடியே பூவும் வாங்கியா. ஒனக்கு வச்சி உடறேன்."

அதற்குப் பிறகு கதவு சாத்தவில்லை. வாசலில் கல்லைப் போட்டு உட்கார்ந்தார்கள். காற்றாவது வரும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் அமைந்துவிட்டது. இருட்டியதும் ஒரே தடவையாகப் பெரிய பானையில் களி கிண்டுவோம். அக்கா கவைக்கோலால் பானையை அழுத்திப் பிடித்துக்கொள்வாள், நான் துடுப்புப் போடுவேன். சூடாக நாலு பேரும் தின்போம். மிச்சத்தை உருட்டித் தண்ணீரில் போட்டுவிடுவோம். அடுப்பு அணையும்போது கொள்ளுப் பயறைச் சட்டியில் போட்டு நெருப்பின்மேல் வைத்துவிட்டுப் படுப்போம். விடிகிறபோது வெந்திருக்கும். பூண்டும் மிளகாயும் வைத்துக் கடைந்தால் தொட்டுக்கொள்ள ஆயிற்று. திரும்பி வருகிற வழியில் கீரை பறிப்போம். நின்று பறிப்பதில்லை, நடந்துகொண்டே கை நீட்டினால் முந்தானை நிறைந்துவிடும். பலாக்கொட்டை இருந்தால் அடுப்புச் சாம்பலில் சுட்டு மடியில் கட்டிக்கொள்வோம். எல்லாம் வீட்டில் இருந்தவை, இல்லையென்றால் வழியில் கிடந்தவை. கடையில் வாங்கியது உப்பு மட்டும்.

மத்தியானம் ஒரு புளியமரத்தடியில் உட்காருவோம். மோர் ஊற்றிக் களியைக் கரைத்து, ஒரு வாய் குடித்து, கொள்ளுக் கடைசலை நக்கி, சின்ன வெங்காயத்தைக் கடித்து, மறுபடி ஒரு வாய். புளித்த வாசனை. வயிறு குளிர்ந்துபோகும். அக்கா ஏப்பம் விட்டுவிட்டு, "இப்ப வரச் சொல்லுடி அந்த ஜல்லிய" என்பாள். இப்போதும் களி தின்கிறேன். மெஷின் மாவு, நைசாக இருக்கிறது. அந்தப் புளியமரத்தடி ருசி வருவதில்லை. அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒருவேளை அதனால் இருக்கும்.

அடிவாரத்துப் பெண்கள் மறுபடி சிரித்தார்கள். "தார் டின்னு வந்துட்ச்சி டோய்!"

"ஆமாண்டி, வந்து நக்கிப் பாரு" என்றாள் அக்கா. சிரித்தவர்களில் ஒருத்தி உண்மையாகவே வந்தாள். கொள்ளுக் கடைசலை வழித்துக்கொண்டு போனாள். அப்புறம் தினமும் வந்தாள்.

மேஸ்திரி சொன்ன வாரத்தின் கடைசி நாள், ஏற்றத்தில் ஒரு வளைவை எங்களுக்குக் கொடுத்தார். சுமந்துகொண்டு மேலே ஏற வேண்டும். யாரும் விரும்பாத துண்டு. சோதிக்கிறார் என்று தெரிந்தது. உடனே ஆரம்பித்தோம். மத்தியானம் தாண்டியது. கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே சுமந்தேன். நடுங்கவில்லை. வேர்வை வந்தது, முதுகு வலித்தது, கண் இருட்டவில்லை. பொழுது மரத்துக்கு மேலே இருக்கும்போதே கடைசிச் சட்டியைக் கொட்டினோம்.

மேஸ்திரி வந்தார். வளைவின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை நடந்தார். முளைக்குச்சியைப் பிடுங்கி எங்களுக்கு முன்னால் இருந்த வெறும் மண்ணில் அடித்தார்.

"திங்கக்கெழம இங்கேர்ந்து" என்றார்.

அக்கா என் கையைக் கிள்ளினாள். வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஏஜெண்டு வந்தார். வாசலில் ரெண்டு பேரும் ஏந்திரம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். ஏஜெண்டு சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

"இன்னாப்பா, ஆம்பள செய்ற வேலையா இது? தோட்டத்துக்கு வா, ராஜா மாதிரி வச்சிக்கிறேன். முன்பணம் கையோட இருக்குது."

அக்கா வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி கல்லின் குழியில் கொஞ்சம் கேழ்வரகு போட்டார். கொஞ்சமாகத்தான் போட்டார்.

"நாங்க வரலைங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"மாடில்லாம இன்னா பண்ணப் போற?"

"மாடு வாங்கிக்குவோங்க. ரோட்டு வேல இருக்குது."

"யாருக்கு? உனக்கா?"

"அவங்களுக்கு" என்று எங்களைக் காட்டினார். "எங்களுக்கு இது."

ஏஜெண்டு சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார். அக்கா ஒரு சொம்பில் களி கரைத்துக் கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் சரிவில் இறங்கி மறைகிறவரை என் வீட்டுக்காரர் நிமிரவில்லை. அப்புறம் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"பசிக்குது. போடு" என்றார்.

போட்டேன்.