பையில் வந்த ஹீலியம் படிகம்

மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நனைந்த படியில் கால் வழுக்கியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தோள்பை மட்டும் தார்ச்சாலையில் போய் விழுந்தது. உள்ளே பஞ்சுக்கு நடுவில் எங்கள் லேபின் டைமண்ட் செல் இருந்தது.

அப்போது நான் புதுச்சேரியில் ஒரு லேப் டெக்னீஷியன். டைமண்ட் செல் உள்ளங்கையில் அடங்கும் ஒரு எஃகு உருளை. அதற்குள் இரண்டு வைரங்கள் எதிரெதிராக இருக்கும். நடுவே மெல்லிய தகடு; அதில் முடி பருமனுக்கு ஒரு துளை. துளையில் வாயுவை அடைத்து ஸ்குருவை முடுக்கினால், நாம் மூச்சுவிடும் காற்றைப்போலப் பல்லாயிரம் மடங்கு அழுத்தம் ஏறும். பலூனில் அடைக்கிற ஹீலியம் சாதாரணமாக எதனோடும் சேராது. அந்த நெருக்கத்தில் நைட்ரஜனோடு சேர்ந்து திடப்பொருளாகிறது. ஸ்குருவைத் தளர்த்தினால் பிரிந்துவிடும்.

அன்று செல்லுக்குள் இருந்தது ஆராய்ச்சி மாணவி ஷர்மிளா பல மாதம் முயன்று வளர்த்த அப்படிப்பட்ட ஒரு படிகம். படிகத்தின் உள்ளடுக்கைக் காட்டும் எக்ஸ்ரே கருவியைத் தயார் செய்ய அவர் முன்னதாகவே சென்னைக்குப் போயிருந்தார். செல்லைக் கொண்டுபோவது என் பொறுப்பு. அன்றைய மழையில் வழியில் சாலை மூழ்கிவிட்டது என்று பஸ்ஸை மரக்காணத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

போனை எடுத்தேன், அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்துப் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுக்கும் வசந்தா டீச்சர் எனக்குத் தெரிந்தவர். மழைக்காகப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தார். அங்கே போய், படிகம் இருக்கிறதா என்று பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும் என்று கேட்டேன். ஜன்னலோரம் வைத்து அதன் அடிக்கண்ணாடியைத் திருப்பினார். மேகத்தின் வெளிச்சம் வைரங்கள் வழியே செல்லுக்குள் ஏறியது.

வட்டமான ஒளிக்குள் அது இருந்தது. நிறமில்லாத, ஓரங்கள் சீவியதுபோன்ற ஒரு துண்டு. சுற்றிலும் ஹீலியம், நீர்போலத் தெளிவாக. பார்க்கப் பார்க்க என் உடம்பின் கனமே போய்விட்டது. ஹீலியமும் நைட்ரஜனும் சேர்ந்தது என்று டீச்சரிடம் சொன்னேன். அவரும் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. ஜன்னலுக்கு வெளியே உப்பளப் பாத்திகளில் மழை நிறைந்து, வானம் தரையில் கிடந்தது.

"ஹீலியம் எதுலயும் ஒட்டாததுன்னுதான நான் பசங்களுக்குச் சொல்லித் தர்றேன். இது எப்படிண்ணே ஒட்டுச்சு?" என்றார் மெதுவாக.

"ஒட்டல டீச்சர். அவ்ளோ நெருக்கடியில தனித்தனியா இருக்க எடம் பத்தல. சேர்ந்து அடுக்கினா எடம் கம்மியாவுது. அதான் சேர்ந்துடுது."

படிகம் தெரிந்தாலும் அது பழைய படிகம்தானா என்று கண்ணால் சொல்ல முடியாது. அழுத்தம் குறைந்திருந்தால் வெறும் நைட்ரஜனாக மாறியிருக்கலாம். விழுந்ததை மறைத்தால் எக்ஸ்ரேயில் வருவதை ஷர்மிளா தப்பாகப் படிப்பார். அங்கிருந்தே போன் செய்து சொல்லிவிட்டேன்.

"எத்தன மணிக்கு விழுந்துச்சு, எவ்ளோ உயரம்னு எழுதி வைங்கண்ணா. பத்திரமா வாங்க" என்றார் ஷர்மிளா.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் சென்னை போய்ச் சேர்ந்தேன். முதலில், அழுத்தம் பார்ப்பதற்கென்றே துளைக்குள் வைத்திருந்த மாணிக்கத் துணுக்கில் லேசரை அடித்து, அது ஒளிரும் நிறத்தை வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். கொஞ்சம் இறங்கியிருந்தது. பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். பிரியவில்லை, ஹீலியமும் நைட்ரஜனும் சேர்ந்தேதான் இருந்தன. முன்பு நாங்கள் அளந்ததைவிடக் குறைந்த அழுத்தத்திலும் அது நிலைக்கும் என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஷர்மிளா தன் தீசிஸில் அதை ஒளிக்காமல் எழுதினார்: செல் பயணத்தில் ஒருமுறை கீழே விழுந்தது. நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் குறைந்த அழுத்தத்தை அளவீட்டுப் பிழை என்றே தள்ளியிருப்பார்கள். லேபில் கை தவறுவது சகஜம். தவறியதை உடனே சொல்வதும் வேலையில் சேர்த்திதான்.