நிறுத்தச் சொன்னவளுக்குப் பூச்சியம்

ஒரு மாணவி எழுதிய சரியான விடைக்குப் பூச்சியம் விழச் செய்தவன் நான். தெரியாமல் நடந்த பிழை என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். அது பொய். அந்த விடையை அவள் எழுதப்போகிறாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாது. அந்த விடையை நான் ஏன் வெறுத்தேன் என்பது நன்றாகத் தெரியும். பல் வைத்தியம் படிக்க வரும் பிள்ளைகள் இதை வாசிக்க வேண்டும்.

1. தம்பியின் படம்

என் கிளினிக் பிரெஞ்சு பேசும் ஒரு நகரத்தின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் இருந்தது. தர்சினி பல் வைத்தியம் படித்துக்கொண்டே சனிக்கிழமைகளில் எனக்கு உதவியாளராக நின்றாள். அன்று கதிரையில் இருந்தவர் கோயில் நிர்வாகசபைத் தலைவர் சிவபாலன். எந்தப் பல் என்று காட்டத் தெரியாத நோவு அவருக்கு. அவருடைய தம்பியும் அன்று காலை வந்து பல்லை எக்ஸ்ரே படம் எடுத்துவிட்டுப் போயிருந்தார். இந்த நாட்டில் எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர். அதனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குடும்பப் பெயர்; சொந்தப் பெயரின் முதலெழுத்தும் ஒன்றுதான். நான் திரையில் திறந்தது தம்பியின் எக்ஸ்ரே.

விறைப்பு ஊசி போட்டாயிற்று. குறடு பல்லைப் பிடித்தும் ஆயிற்று.

"டொக்டர், நிப்பாட்டுங்கோ."

சொன்னது தர்சினி. என் கை அப்படியே நின்றது.

"படத்திலை பக்கத்துப் பல்லு அடைச்சிருக்கு. இவருக்கு ஒண்டும் அடைக்கேல்லை. இது வேற ஆளின்ரை படம்."

அவள் சொன்னது சரி. நான் பிடுங்கவிருந்தது நல்ல பல். "நல்ல காலம் பிள்ளை, பாத்துச் சொன்னாய்" என்று சிரித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்தில் சிவபாலன் பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னார்: "டொக்டர் என்ரை நல்ல பல்லுக்கு வழியனுப்பப் பாத்தவர். அந்தப் பிள்ளை மறிச்சிருக்காட்டி இப்ப வடையை ரசத்திலை ஊறப்போட்டுத்தான் திண்டிருப்பன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பின் கிளினிக்குக்கு வந்தவர்கள் எல்லாம் வாயைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்டார்கள்: "டொக்டர், படம் என்ரைதானே?"

2. விடை வைப்பவர்கள்

நகரத்து ஆஸ்பத்திரி ஒன்று புதிதாகப் பட்டம் பெற்ற பல் வைத்தியர்களை ஒரு வருடப் பயிற்சிக்கு எடுக்கும். அதற்கு ஒரு ஜட்ஜ்மென்ட் டெஸ்ட். பல்லைப் பற்றிய அறிவை அது கேட்காது. ஒரு நிலைமையைச் சொல்லி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கும். தரப்பட்ட விடைகளில் எது சிறந்தது, எது கூடாது என்று முன்கூட்டியே தீர்மானிப்பது யார்? ஒரு மேசையைச் சுற்றி இருக்கும் எங்களைப் போன்ற மூத்தவர்கள். அந்தக் குழுவில் நானும் ஒருவன். பரீட்சை எழுதுபவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

குறித்த புள்ளிக்குக் கீழே வந்தவர்களை நேர்முகத்துக்கே கூப்பிடுவதில்லை. அப்படி ஒரு கோடு போடச் சொல்லி வாதாடியவனும் நான்தான். புள்ளி ஆளின் நிறத்தையோ உச்சரிப்பையோ பார்க்காது என்று மனதார நம்பினேன்.

தர்சினி படிப்பை முடிக்கும் அந்த வருடம் வந்த கேள்வி இது: மூத்த வைத்தியர் பிழையான சிகிச்சையைத் தொடங்கப் போகிறார், நோயாளி விழித்திருக்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்?

"உடனே சொல்லத்தானே வேண்டும்?" என்றார் குழுத் தலைவி மிரேய்.

நான் விடவில்லை. "நோயாளிக்கு முன்னால் மறித்தால் அவர் பிறகு யாரை நம்புவார்? ஒரு நிமிடம் வெளியே கூப்பிட்டுச் சொல்லட்டும்." நன்றாகப் பேசினேன். ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். 'உடனே, நோயாளிக்கு முன்னாலேயே சொல்வேன்' என்ற விடைக்குப் பூச்சியம் என்று முடிவாயிற்று. நான் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் காதில் கேட்டது அந்தப் பந்திச் சிரிப்பு.

3. நெடுஞ்சாலையில் பனி

மாசி மாதம், நேர்முகத்துக்கு முந்தின நாள் பின்னேரம் தர்சினி போன் எடுத்தாள்.

"அங்கிள், என்னைக் கூப்பிடேல்லை. டெஸ்டிலை கொஞ்சத்தாலை விட்டிட்டன்."

"நீயோ?"

"எது பிழைச்சதெண்டு தெரியேல்லை. ஒரு கேள்வி மட்டும் நிச்சயம் சரி. பெரிய டொக்டர் பிழை விடுற கேள்வி. அதுக்கு உங்களை நினைச்சுத்தான் எழுதினனான். உங்களை மறிச்சனான், நீங்கள் கோவிக்கேல்லையே."

பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டு மிரேயைக் கூப்பிட்டேன். தனியாக ஐந்து நிமிடம் வேண்டும் என்றேன்.

"இது எனக்குரிய விடயமா, குழுவுக்கு உரியதா?"

"குழுவுக்கு."

"அப்படியென்றால் காலையில் குழுவுக்கு முன்னால் சொல்லுங்கள்."

காலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலை அசையவில்லை. அடுத்த வெளிவழியில் இறங்கி, காரை ஒரு தெருவில் விட்டுவிட்டு மெட்ரோவுக்கு ஓடினேன். அந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்த மூலைக்கடைத் தெப்பனர்காரன் கதவைத் திறந்து "எல்லாம் சரியா?" என்று கேட்டான். ஆஸ்பத்திரி நடைபாதையில் கறுப்புக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் நேர்முகத்துக்குக் காத்திருந்தார்கள். அவர்களைக் கடந்து அறைக்குள் போய், கோட்டைக் கழற்றாமலே சொல்லத் தொடங்கினேன். தம்பியின் படம், குறடு, அன்னதானம், வடை எல்லாம் சொன்னேன். வடைக்கு ஒருவர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அந்த விடையை வைத்தது என் அனுபவம் இல்லை, என் ரோசம். அதை வைத்துப் பிள்ளைகளை வெளியே நிறுத்தியிருக்கிறோம். அதில் ஒருத்தி எனக்குத் தெரிந்தவள். ஆகவே இனி நான் இந்த அறையில் இருக்கக்கூடாது."

நான் வெளியே வந்தபின் கேள்வியைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். விடையை மாற்றி, எல்லோருடைய தாளையும் மீண்டும் திருத்தினார்கள். ஏற்கெனவே கூப்பிட்டவர்களை நீக்கவில்லை. இப்போது புள்ளிக் கோட்டுக்கு மேலே வந்த வேறு சிலருக்கு இன்னொரு நாள் ஒதுக்கினார்கள். மிரேய் என் கையைப் பிடித்து "மெர்சி" என்று நன்றி சொன்னார். குழுவில் என் வேலை அதோடு முடிந்தது.

4. பின் நடந்தவை

சனிக்கிழமை தர்சினி துள்ளிக்கொண்டு வந்தாள். "அங்கிள், திரும்பக் கூப்பிட்டிருக்கினம்."

அவளை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். பூச்சியம் யாருடைய வேலை என்பதையும் சொன்னேன். அவள் முகத்தில் இருந்த சந்தோசம் மெல்ல மெல்ல இறங்கியது.

"எல்லாருக்கும் முன்னாலையோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

"கை நடுங்கினதோ?"

"கால்தான், பிள்ளை."

"எனக்கு அண்டைக்குக் கையும் காலும் நடுங்கினது" என்றாள். தன் குளிர்க்கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். பயிற்சிக்கு அவளை எடுத்தார்கள். என் கிளினிக்குக்கு அவள் திரும்பி வரவில்லை. ஏன் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

அந்த ஆஸ்பத்திரி இப்போது டெஸ்ட் புள்ளியை வைத்து யாரையும் கழிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். நேர்முகத்தில் விடையைக் காட்டி, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்கிறார்களாம். அன்று தர்சினியிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

கிளினிக்கை மூடும்வரை, புதிதாக வரும் ஒவ்வொரு உதவியாளரிடமும் முதல்நாளே சொன்னேன்: "நான் பிழை விடப்போறன் எண்டு கண்டால், ஆளுக்கு முன்னாலையே நிப்பாட்டு."

ஒருத்தி நம்பாமல் கேட்டாள், "மெய்யாவோ டொக்டர்? கோவிக்க மாட்டியளோ?"

நான் வாயைத் திறக்குமுன் கதிரையில் இருந்து சிவபாலன் பதில் சொன்னார். "கோவிப்பார், பிள்ளை. நீ அதைப் பாராதை. என்ரை பல்லைப் பார்."