பதினொரு மணிக் கப்பல்

எனக்கு வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஊரார் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. என் தம்பி சொல்லுவான், "அக்கா கதைக்கத் தொடங்கினா வேசர் ஆறும் ஒருக்கா நிண்டு கேட்டுட்டுத்தான் கடலுக்குப் போகும்" என்று. அவனுக்கு மட்டும்தான் என்னைப் பகிடி பண்ணுகிற உரிமை இருந்தது. இப்போது அதற்கும் ஆள் இல்லை.

வேசர் ஆறு வடகடலில் போய் விழுகிற இடத்தில், இந்தக் கரையில் எங்களுடைய சின்ன ஊர். எதிர்க்கரையில் பிறேமர்ஹாபன் நகரம். துறைமுகம், மீன் தொழிற்சாலைகள், ஆஸ்பத்திரி, ரெயில் எல்லாம் அங்கேதான். இடையில் ஓடுகிற கப்பலுக்கு இருபது நிமிடம் பிடிக்கும். வாடகை குறைவென்று இந்தப் பக்கம் வந்து குடியேறியவர்கள் நாங்கள். கீழ்த்தளத்தில் நான், கணவர் போனபின் தனியாக. மேல்தளத்தில் தம்பியும் அவன் மனைவியும். அவளை நான் மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். ஆனால் நான் அவளுக்கு "நீர்", அவள் எனக்கு "நீங்கள்". வயதில் நான் பன்னிரண்டு மூப்பு. வாசலில் இருவரும் ஒன்றாக வந்து நின்றால் நான் இறங்கும்வரை அவள் நிற்பாள். முப்பது வருடமாக அப்படித்தான். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி மீன் தொழிற்சாலையில் வேலை. நான் அங்கேயே ஒரு சாப்பாட்டுச் சாலையில் பாத்திரம் கழுவி ஓய்வு பெற்றேன். காலைக் கப்பலில் இருவரும் ஒன்றாகப் போவோம். அவன் உள்ளே வந்து இருக்கவே மாட்டான். எந்தக் குளிரிலும் மேல்தட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி குடிப்பான். "உள்ள வா, நெஞ்சில சளி பிடிக்கும்" என்று கண்ணாடியில் தட்டிக் கத்துவேன். கேட்கமாட்டான். என் பேச்சை அவன் கேட்காத ஒரே இடம் அந்த மேல்தட்டுத்தான்.

மற்றதெல்லாம் கேட்பான். எல்லாவற்றிலும் பெரியது ராகு காலம். அதைப் பார்ப்பது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. சமையலறைச் சுவரில் அம்மன் படம் போட்ட கலண்டர் தொங்கும். வருடா வருடம் வுப்பர்டாலில் ஒரு தமிழ்க் கடையில் வாங்கி வருவது. திங்கள் ஏழரை முதல் ஒன்பது. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் நல்ல காரியத்துக்கு வெளிக்கிடக் கூடாது. வேலைக்குப் போவது கணக்கில் வராது, அது வயிற்றுப்பாடு.

ஆனால் இது ஜெர்மனி. இங்கே அலுவலகத்தில் ரெர்மின் என்று ஒரு நேரம் குறித்துத் தந்தால் தந்ததுதான். ராகுவுக்குப் பயந்து தள்ளிப்போட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்து வரும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். ராகு தொடங்க முன்னம் போகிறவரின் சப்பாத்தை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிடுவேன். சப்பாத்து வெளிக்கிட்டால் ஆள் வெளிக்கிட்டது மாதிரி. தம்பி விசா மாற்றப் போன நாளிலும் அப்படித்தான் செய்தேன். "சப்பாத்து முன்னால போய் வரிசையில நிக்கட்டும் அக்கா, நான் ஆறுதலா வாறன்" என்றான். விசா கிடைத்தது. அதன் பிறகு என்னைப் பிடிக்கவா முடியும்? நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான்.

போன வருடத்துக்கு முந்தின தை மாதம் அவனுக்கு நுரையீரலில் கிருமி பிடித்தது. இரண்டு கிழமையாக எதிர்க்கரை ஆஸ்பத்திரியில் கிடந்தான். மச்சாள் தினமும் முதல் கப்பலில் போய்ப் பின்னேரம் திரும்புவாள். அந்த வெள்ளிக்கிழமை மட்டும், காலையில் ஏதோ பரிசோதனைகள் இருக்கின்றன, பின்னேரம் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் வீட்டில் நின்றாள்.

பத்து முப்பத்தைந்துக்கு மாடிப்படியில் ஓடி இறங்குகிற சத்தம் கேட்டது. மச்சாள் ஜக்கெற்றில் ஒரு கையை மட்டும் போட்டுக்கொண்டு, மற்றக் கையில் போனோடு நின்றாள்.

"மச்சாள், ஆஸ்பத்திரியால எடுத்தவை. மூச்சுவிடச் சரியா கஷ்டப்படுறாராம். ஏலுமான கெதியில வரட்டாம். பதினொரு மணிக் கப்பலைப் பிடிப்பம்."

நான் கலண்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

"இண்டைக்கு வெள்ளி. பத்தரை தாண்டிட்டுது. சப்பாத்தும் வெளியில வைக்கேல்லை. கூடாத நேரத்தில வெளிக்கிட்டுப் போய் அவனுக்கு ஏதும் ஆகிறதே? பன்ரண்டு ஆகட்டும்."

"இல்லை மச்சாள், இதில..." என்று போனை என் பக்கம் கொஞ்சம் நீட்டினாள்.

"முதல் அந்தப் போனை வையும். இந்தச் சனம் எல்லாத்துக்கும் கெதி கெதி எண்டுதான் சொல்லும். அவன் என்ர தம்பி. உமக்கு முன்னம் எனக்குத் தெரியும் அவனை."

அவள் போனை வைத்தாள். படியின் கடைசிக் கட்டில் அப்படியே இருந்தாள். ஜக்கெற்றின் மற்றக் கை தரையில் கிடந்தது. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், அது ஆடை படிந்து ஆறிப்போனது. பதினொரு மணிக்குக் கப்பல் துறையை விட்டு விலகுகிற இரைச்சல் வீட்டுக்கே கேட்டது. சமையலறை யன்னலால் பார்த்தேன். மப்பும் மந்தாரமுமாக இருந்தாலும் எதிர்க்கரைப் பாரந்தூக்கிகள் நன்றாகத் தெரிந்தன. அவள் தலையை நிமிர்த்தவில்லை. நான் கந்தசட்டி கவசம் சொல்லிக்கொண்டு அரிசி கழுவினேன். அதுதான் நான் செய்த வேலை. அவன் மூச்சுக்கு அந்தரப்பட்டுக்கொண்டிருந்த நேரம் நான் அரிசி கழுவினேன்.

பன்னிரண்டு ஐந்துக்கு வெளிக்கிட்டோம். துறைக்கு வரும்போது கடற்பக்கமிருந்து மூடுபனி ஏறிவிட்டது. பன்னிரண்டு இருபதுக்குப் போக வேண்டிய கப்பல் வெள்ளைக்குள் நின்றுகொண்டிருந்தது. பார்வை கொஞ்சம் தெளியட்டும், பிறகுதான் எடுப்போம் என்று அறிவித்தார்கள். ஆற்றுக்கு அடியால் போகிற சுரங்கப்பாதையால் காரில் சுற்றிப் போக ஒரு மணித்தியாலம் வேண்டும். எங்கள் வீட்டில் கார் ஓடத் தெரிந்தவன் அக்கரையில் கிடக்கிறவன் ஒருவன்தான். நின்றோம். பன்னிரண்டு நாற்பதுக்குக் கப்பல் எடுத்தது. நடந்து போகிறவன் முந்திவிடுவான், அவ்வளவு மெதுவாகப் போனது. நிமிடத்துக்கு ஒருதரம் ஊதியது.

நான் உள்ளே இருந்தேன். மச்சாள் மேல்தட்டில் அவன் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். ஆற்று நடுவில் அவளுடைய போன் அடிப்பதைக் கண்ணாடிக்குள்ளால் கண்டேன். காதில் வைத்தாள். "யா" என்றாள். இன்னொருதரம் "யா" என்றாள். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"முடிஞ்சுதாம், மச்சாள்."

கப்பல் மட்டும் ஊதிக்கொண்டு போனது. போய்ச் சேர வேண்டிய அவசரம் இனி எங்களுக்கு இல்லை. நான் அழுதேன். ஒரு ஜெர்மன் மனுசி வந்து என் முதுகைத் தடவினார். அழாத மச்சாளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி எங்களை ஓரமாகக் கூட்டிப்போய் ஆறுதல் என்று நினைத்து ஒன்று சொன்னார். பதினொன்றரைக்கும் அவனுக்கு நல்ல நினைவு இருந்ததாம். ஒட்சிசன் முகமூடியை விலக்கிவிட்டு, என் மனைவி வந்துவிட்டாளா என்று இரண்டுதரம் கேட்டானாம். "அவர்கள் கப்பலில் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்" என்றார். அந்த நேரம் நாங்கள் கப்பலில் இல்லை. பதினொரு மணிக் கப்பலில் வந்திருந்தால் பதினொன்றரைக்கு அந்தக் கதவால் உள்ளே போயிருப்போம்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம் நான் மூடுபனிக் கதைதான் சொன்னேன். "பாழாய்ப்போன புகார் ஏறி, கப்பல் எடுக்கேல்லை, கடைசி முகம் பாக்கக் கிடைக்கேல்லை." டோர்ட்முண்டிலிருந்து வந்தவர்களுக்குச் சொன்னேன், கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கிற அவனுடைய மகளுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது. மச்சாள் பக்கத்தில் இருந்து "ஓம், நல்ல புகார்தான்" என்பாள்.

அடுத்த வருடம் ஆட்டைத்திவசம் ஒரு திங்கட்கிழமை வந்தது. முதல்நாளே ரெயிலில் வந்து அக்கரையில் தங்கியிருந்த ஐயர், காலைக் கப்பலில் ஒன்பது மணிக்கு எங்கள் துறையில் இறங்கினார். கூட்டி வரும் வழியில் நான் பெருமையாகச் சொன்னேன், "நல்ல நேரத்திலதான் இறங்கியிருக்கிறியள் ஐயா. இப்பதான் ராகு முடிஞ்சது."

அவர் சிரித்தார். "திவசத்துக்கு ஆரம்மா ராகு காலம் பாக்கிறது? அதோட, உங்கட ராகு எத்தினை மணிக்குத் தொடங்கினது?"

"திங்கள் எண்டா ஏழரைக்குத்தானே."

"ஏழரைக்கு இஞ்ச சூரியனே எழும்பேல்லையேம்மா. பிறகென்ன ராகு? சூரியன் எழும்பினதில இருந்து படுகிற மட்டும் எட்டாப் பிரிச்செல்லோ பாக்கிறது. ஆறுக்கு எழும்பி ஆறுக்குப் படுகிற ஊருக்குத்தான் அந்தக் கலண்டர். இஞ்ச இண்டைக்கு ஒன்பதரைக்குத்தான் தொடங்கும்."

முப்பது வருடமாகத் தை மாதத்து ஏழரை மணிக்கு லைற்றைப் போட்டுக்கொண்டுதான் அந்தக் கலண்டரைப் பார்த்திருக்கிறேன். யன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. ஒருநாளும் என் மண்டைக்கு ஏறவில்லை.

அப்போதே வாயை மூடியிருக்கலாம். என்னால் ஏலுமா? "அப்ப வெள்ளிக்கிழமை, ஐயா? போன வருசம் அவன் மோசம்போன அண்டைக்கு?" என்று கேட்டேன். ஐயர் நடந்தபடியே கணக்குப் பார்த்தார். "பதினொண்டரையில இருந்து பன்ரண்டரை மட்டும்" என்றார்.

பதினொரு மணிக் கப்பல் ராகுவுக்கு முன்னம். நான் நல்ல நேரம் பார்த்து அவளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டது ராகுவின் நடுவயிற்றுக்குள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்கு என்மீதே அருவருப்பாக இருந்தது. பிண்டம் வைத்தது, படைத்தது, வந்தவர்கள் சாப்பிட்டது ஒன்றும் எனக்கு நினைவில்லை.

பின்னேரம் நானும் மச்சாளும் ஐயரோடு அக்கரைக்குப் போய் அவரை ரெயில் ஏற்றிவிட்டுத் திரும்பக் கப்பல் ஏறினோம். அவள் மேல்தட்டுக்குப் போனாள். நானும் முதன்முறையாகப் பின்னால் போனேன். காற்று காதை அறுத்தது. அவன் எப்படி இத்தனை வருடம் இங்கே நின்றானோ. எங்கள் கரை வர முன்னம் சொல்லிவிட வேண்டும், வீட்டுக்குப் போனால் வாய் வராது என்று பட்டது.

"மச்சாள், அண்டைக்கு நான் பாத்த நேரம் பிழை. பதினொரு மணிக் கப்பல் நல்ல நேரத்திலதான் போயிருக்குது. ஐயர் சொன்னவர்."

"ஓம்."

"என்ன ஓம்? உமக்கும் சொன்னவரோ?"

"எனக்கு அண்டைக்கே தெரியும்." அவள் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள். "விரத நாள் பாக்க மகள் போனில ஒரு பஞ்சாங்கம் போட்டுத் தந்தவள். அது இந்த ஊர் நேரம்தான் காட்டும். ராகு பதினொண்டரைக்கு எண்டு கிடந்தது. அதைத்தான் உங்களுக்குக் காட்ட வந்தனான்."

நீட்டின கையும் அதில் இருந்த போனும் எனக்குக் கண்ணுக்குள் நின்றன.

"அப்ப ஏன் சொல்லேல்லை? வாய் இல்லையே உமக்கு?" அப்போதும் என் குரல் ஏறியது. பாருங்கள், அப்போதும்.

"போனை வையும் எண்டியள். வைச்சனான். கலியாணம் கட்டி வந்ததில இருந்து நீங்கள் வேண்டாம் எண்ட ஒண்டையும் நான் செய்ததில்லை, மச்சாள். அண்டைக்கு மட்டும் எப்பிடிச் செய்யிறதெண்டு தெரியேல்லை. எழும்பிப் போயிருக்கலாம். கதவு பூட்டியோ கிடந்தது? கால் வரேல்லை."

அவளுடைய குரலில் கோபம் இல்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன், அது எனக்குத் தெரிந்த வேலை. இத்தனை நாளும் மூடுபனியைத் திட்டினேன். காலையில் ஐயர் சொன்னதிலிருந்து கலண்டரைத் திட்டினேன். கலண்டர் பாவம், அது சுவரில் பேசாமல் தொங்கியது.

கப்பல் துறையில் முட்டி நின்றது. பலகையை இறக்கினார்கள். மற்றவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். நான் பலகைக்கு இந்தப் பக்கம் ஒதுங்கி நின்று, "நீர் முதல் இறங்கும்" என்றேன்.

அவள் நகரவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்கு ஒரு அடி பின்னால், எப்போதும் நிற்கிற மாதிரியே நின்றாள். கப்பல்காரர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"இறங்குங்கோ, மச்சாள்" என்றாள். "நீங்கள் இறங்கினாத்தானே நான் இறங்கலாம்."